அம்மாவும் மஞ்சள் அம்பும்

“லீவு எடுத்து, டிக்கெட் போட்டு, நடக்கிறதுக்கா ஸ்பெயினுக்குப் போனீங்க?”

சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில் நான் பேச்சுவாக்கில் இரண்டு வரி சொன்னதற்கு நேயர்கள் அனுப்பிய குரல் பதிவுகளில் பாதி இப்படித்தான் இருந்தன. மீதிப் பாதி, “எவ்வளவு செலவாச்சு?” வானொலியில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே எனக்குக் கிடைப்பது நாற்பது வினாடி. 310 கிலோமீட்டரை அதற்குள் அடக்க முடியாது. அதனால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா வட்டாரத்தில், சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்றொரு நகரம் இருக்கிறது. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபின் கல்லறை அங்குள்ள பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரைச் சந்தியாகப்பர் என்பார்கள். ஊரின் பெயரும் அதேதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து மக்கள் அங்கே நடந்து போகிறார்கள். 12ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு வழிகாட்டி நூல் இருந்திருக்கிறது. எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்த ஊர்க்காரர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதுவரை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பல வழிகள் உண்டு. புகழ்பெற்றது பிரெஞ்சு வழி. பிரெனீஸ் மலையின் அந்தப் பக்கம் தொடங்கி ஏறக்குறைய 780 கிலோமீட்டர். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு விடுப்பு யாருக்குக் கிடைக்கும்? நாங்கள் லெயோன் நகரிலிருந்து கடைசி 310 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டோம். செப்டம்பர் இறுதியில் தொடங்கி, 18 நாள்.

நாங்கள் என்றால் நானும் அம்மாவும்.

அம்மாவுக்கு வயது 64. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அண்ணன் மெல்பர்னில், நான் கோலாலம்பூரில், அம்மா தைப்பிங்கில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக. இதைப் படிக்கும் பலருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சனி ஞாயிறுகளில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓடும் கார்களில் எத்தனை கார்கள் இப்படித் தனியாக இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போகின்றன என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஸ்பெயின் அம்மாவின் யோசனை. தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “பாப்பா, பத்துமலைக்கு வெள்ளி ரதத்தோட எத்தனை வருஷம் நடந்திருக்கேன்! அது ஒரு ராத்திரிதானே. இங்க பாரு, மாசக்கணக்கா நடக்கிறாங்க.” நான் உடனே சரி என்றேன். என்னிடம் வேறொரு திட்டம் இருந்தது. என் வீட்டில் இரண்டாவது அறை காலியாக இருக்கிறது. புதிதாகக் கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தேன். தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தால் அம்மா, “சரி, அடுப்புல குழம்பு இருக்கு” என்று வைத்துவிடுவார். ஸ்பெயினில் அடுப்பு இருக்காது. 18 நாள் பக்கத்தில் நடந்தால் எப்படியும் சம்மதிக்க வைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

செலவு கேட்டவர்களுக்கு இப்போதே பதில். விமானச் சீட்டு நீங்கள் வாங்கும் நேரத்தைப் பொறுத்தது. நடக்கும் நாட்களில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 யூரோ சுற்றி ஆனது. ஏறக்குறைய 220 ரிங்கிட். வழி நெடுக ‘அல்பெர்கே’ என்ற யாத்திரிகர் விடுதிகள் இருக்கின்றன. ஊராட்சியோ தேவாலயமோ நடத்துகிற விடுதியில் ஒரு படுக்கைக்கு 10 யூரோ அளவில் வாங்குவார்கள். சிலவற்றில் கட்டணமே இல்லை, முடிந்ததை உண்டியலில் போடலாம். மாடிக்கட்டில், பொதுக் குளியலறை, இரவு 10 மணிக்கு விளக்கணைப்பு, காலை 8 மணிக்குள் வெளியேற வேண்டும். நோய் நொடி இல்லாதவர் ஒரு விடுதியில் ஓர் இரவுதான் தங்கலாம். கையில் ஒரு மடிப்பு அட்டை கொடுப்பார்கள். அதுதான் யாத்திரிகரின் பாஸ்போர்ட். தங்கும் இடம், தேவாலயம், காப்பிக்கடை எங்கும் அதில் முத்திரை வாங்கலாம். அம்மா அந்த அட்டையை, வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போல, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

பை எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அங்கே பொது விதி. அம்மாவின் பை 6 கிலோ. அதில் ஒரு கிலோ ரசப்பொடியும் ஊறுகாயும்.

அவை இல்லாமல் நாங்கள் திண்டாடியிருப்போம். யாத்திரை முடியும்வரை சைவம் என்று அம்மா முடிவெடுத்திருந்தார். ஸ்பானியக் கிராமத்தில் பருப்பு சூப் கேட்டால் அதில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி மிதக்கும். காய்கறி சாலட் கேட்டால் மேலே சூரை மீன் வரும். எஞ்சியது தொர்தியா, அதாவது உருளைக்கிழங்கை முட்டையில் போட்டுத் தடியாகச் சுட்ட அடை. முட்டை சைவமா அசைவமா என்று அம்மா முதல் நாள் ஒரு கிலோமீட்டர் தூரம் தனக்குத்தானே வாதாடினார். இரண்டாம் நாள் முட்டை சைவமாகிவிட்டது. விடுதிச் சமையலறையில் இடம் கிடைத்த இரவுகளில் ரசம் வைத்தார். ஜலதோஷத்தில் இருந்த ஒரு கொரிய இளைஞர் மூன்று டம்ளர் குடித்துவிட்டு மறுநாள் எங்களுக்கு முன்னால் ஓடியே போனார்.

அங்கே அந்தப் பருவத்தில் காலை 8 மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கிறது. 7 மணிக்குக் கிளம்பினால் நல்ல இருட்டு. தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மஞ்சள் அம்பைத் தேட வேண்டும். மதில் சுவரில், மின்கம்பத்தில், சாலையோரக் கல்லில், சில சமயம் தரையிலேயே அம்பு இருக்கும். அம்பு காட்டும் பக்கம் நடந்தால் போதும். வரைபடம் வேண்டாம், கைத்தொலைபேசி வேண்டாம். எதிரில் வருகிற டிராக்டர்காரர்கூட “புவென் கமீனோ” என்று வாழ்த்திவிட்டுப் போவார். பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று அர்த்தம்.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். அறிவிப்பாளர்களுக்கு மிகப் பெரிய பயம் மௌனம். மூன்று வினாடி ஒலி நின்றால் கட்டுப்பாட்டு அறையில் எல்லார் கண்ணும் நம் மேல் திரும்பும். பத்து ஆண்டுகளாக அந்த மூன்று வினாடியை நிரப்பித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அம்மாவோ பேசாமல் நடக்கிறவர். நான் மெல்ல, “ம்மா, அந்த அறையில காலையில நல்ல வெளிச்சம் வரும்” என்பேன். அம்மா, “ம்” என்பார். அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டருக்கு எங்கள் காலடிச் சரளைக்கல் சத்தம்தான்.

ஓர்பிகோ ஆற்றின் நீண்ட கல்பாலத்தையும் அஸ்தோர்காவில் கௌதி கட்டிய ஆயர் மாளிகையையும் பற்றிப் பயண நூல்கள் நிறையச் சொல்லும். எனக்கு நினைவில் நிற்பவை அதற்கு அடுத்து வந்த கிராமங்கள். அஸ்தோர்காவுக்கு மேற்கே நிலம் மெல்ல உயர்கிறது. செம்மண், ஓக் மரம், கல்வீடுகள். அழகான, கெட்டியான வீடுகள்தான், ஆனால் மூன்றில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. சிலவற்றில் கூரை உள்ளே விழுந்து அத்திமரம் வெளியே எட்டிப் பார்க்கிறது. கதவுகளில் ஒரே மாதிரிப் பலகை: ‘செ வெந்தே’. விற்பனைக்கு. அம்மா முதலில் கற்றுக்கொண்ட ஸ்பானிய வார்த்தைகள் அவைதான். ஒரே காலையில் பதினேழு பலகைகளை எண்ணினார்.

ஸ்பெயினில் இந்த நிலைக்கு ஒரு பெயரே இருக்கிறது. ‘எஸ்பாஞா வாசியாதா’, காலியாக்கப்பட்ட ஸ்பெயின். 1950களிலிருந்து கிராமத்து இளைஞர்கள் மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் பில்பாவோவுக்கும் ஆலை வேலைக்குப் போனார்கள். கலீசியாக்காரர்கள் அதற்கும் முன்பே அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியவர்கள். பிறகு சுவிட்சர்லாந்து, ஜெர்மனி. பள்ளி மூடியது, மருத்துவர் வாரம் ஒருமுறை என்றானது, பேருந்து நின்றது. 2019 மார்ச் 31ஆம் தேதி இந்த ஊர்களின் மக்கள் திரண்டு போய் மாட்ரிட் தெருக்களில் ஊர்வலம் நடத்தினார்கள். ‘காலியான’ என்று சொல்லாமல் ‘காலியாக்கப்பட்ட’ என்று சொன்னதில்தான் அவர்களுடைய கோபம் இருக்கிறது.

யாத்திரை வழி இந்த ஊர்களுக்கு என்ன செய்கிறது என்பதை ஃபொன்செபதோனில் பார்க்கலாம். 1,400 மீட்டருக்கு மேல், மலைச்சரிவில் உள்ள ஊர். 1990களில் கிட்டத்தட்ட ஆளே இல்லாமல் போய்விட்டது. நடக்கிறவர்கள் பெருகியதும் ஒருவர் விடுதி திறந்தார், இன்னொருவர் கடை வைத்தார். இடிபாடுகளுக்கு நடுவே இப்போது விளக்கு எரிகிறது. நாங்கள் அங்கே தங்கிய இரவு நல்ல குளிர். அம்மா ஜன்னல் வழியே கூரையில்லாத எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் அறையின் வெளிச்சத்தைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இரும்புச் சிலுவை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு நெடிய மரக்கம்பம், உச்சியில் சிறிய சிலுவை, அடியில் குன்றுபோலக் கற்குவியல். ஊரிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து, மனப்பாரத்தோடு சேர்த்து அங்கே போட்டுவிட்டுப் போவது வழக்கம். பெயர் எழுதிய கற்கள், குழந்தையின் காலணி, மங்கிய புகைப்படம். ஒரு பெரிய மனிதர் அதன்மேல் நின்று சத்தமில்லாமல் அழுதார். நான் தைப்பிங் வீட்டு வாசலிலிருந்து ஒரு கூழாங்கல் எடுத்து வந்திருந்தேன். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நம்ம வீட்டுக் கல்லை எதுக்கு இங்க போடணும்?” என்று தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து மொலினசேகா வரை ஏறக்குறைய 900 மீட்டர் இறக்கம். உடைந்த பலகைக்கல் பாதை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கம் முழங்காலைக் கேட்கும். ஏல் அசேபோ ஊரைத் தாண்டியதும் அம்மா பக்கவாட்டில் இறங்கத் தொடங்கினார். மொலினசேகா பாலத்தடியில் ஆற்றுத் தண்ணீரில் காலை வைத்தபோது வலது முழங்கால் வீங்கியிருந்தது. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் ஒரு பெண் மண்டியிட்டு அமர்ந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு காலுறை, ஒரு களிம்பு, “தெஸ்கான்ஸோ” என்று ஒரு சொல். ஓய்வு. அடுத்த நாள் பொன்ஃபெர்ராதாவில் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தபடி ஓய்வெடுத்தோம். அதற்கடுத்த 24 கிலோமீட்டருக்குப் பேருந்து.

பேருந்தில் அம்மாவின் முகம் சரியில்லை. முத்திரை அட்டையில் ஓர் இடைவெளி விழுவது அவருக்குப் பிடிக்கவில்லை. இறங்கிய ஊர் வியாஃபிராங்கா. ஊர் நுழைவில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று. அதன் வடக்கு வாசலுக்கு மன்னிப்பு வாசல் என்று பெயர். முன்காலத்தில் நோயோ காயமோ வந்து மேலே நடக்க முடியாதவர்கள் இந்த வாசல்வரை வந்தால் போதும். சந்தியாகோ போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் அதே பாவமன்னிப்பு அவர்களுக்கும் உண்டு. எதிரே நிற்கும் கடைசி மலையைப் பார்த்தால் அந்த வாசலை ஏன் அங்கே வைத்தார்கள் என்று புரியும். அம்மா மூடியிருந்த கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றார். “நடக்க முடியாதவங்களைப் பத்தி அப்பவே யோசிச்சிருக்காங்க, பாரு” என்றார். நான் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டேன். “அதைத்தான்ம்மா நானும் சொல்றேன். முடியாத காலத்துல...” முடிக்கவில்லை. “எனக்கு இன்னும் முடியுது” என்றார் அம்மா.

முடிந்தது. ஓ செப்ரெய்ரோ மலை அடிவாரத்தில் குதிரை வாடகைக்குக் கிடைக்கும். வேண்டாம் என்றுவிட்டு, எட்டு கிலோமீட்டர் ஏற்றத்தை நான்கு மணி நேரத்தில் ஏறினார். பைகளை மட்டும் வண்டியில் அனுப்பினோம். சில யூரோ கொடுத்தால் அடுத்த விடுதியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

ஓ செப்ரெய்ரோ வந்த பிறகுதான் மஞ்சள் அம்பின் கதை கிடைத்தது. எலியாஸ் வலீஞா என்பவர் அந்த மலையூரின் பங்குத் தந்தை. யாரும் நடக்காமல் மறந்துபோன பழைய வழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். 1984இல் சாலைக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டை வாங்கித் தன் காரில் ஏற்றிக்கொண்டு, வழி நெடுகத் தன் கையால் அம்பு போட்டார். 1989இல் காலமாகிவிட்டார். அவர் வரைந்த காலத்தில் சந்தியாகோவுக்கு நடந்து வந்தவர்கள் மிகக் கொஞ்சம். 2024இல் அங்கே பதிவு செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். கோயில் முற்றத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “நம்ம பள்ளியில ஒரு கோடு போடணும்னாலும் பெயின்டுக்கு நாலு கடிதம் எழுதணும்” என்று பெருமூச்சு வேறு.

மலையைத் தாண்டினால் கலீசியா. பச்சை, மூடுபனி, மாட்டுச்சாணம், தரையெல்லாம் கஷ்கொட்டை. வீட்டுக்கு வீடு கல்தூண்மேல் நிற்கும் தானியக் களஞ்சியம். த்ரியகஸ்தெலா தாண்டிய ஒரு குக்கிராமத்தில், ஐந்தாறு வீடுதான் இருக்கும், ஒரு மூதாட்டி வாசலில் அமர்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தார். வயது எண்பதுக்கு மேல். கறுப்பு உடை, மேலே நீலக் கட்டம் போட்ட ஏப்ரன். அம்மா “ஓலா” என்றார். அந்த அம்மாள் பக்கத்துத் திண்ணையைத் தட்டிக் காட்டினார். அம்மா உட்கார்ந்தவர், கூடையிலிருந்து ஒரு பிடி அவரையை எடுத்து உரிக்கத் தொடங்கிவிட்டார்.

அரை மணி நேரம் பேசினார்கள். ஒருவர் பேசியது மற்றவருக்குத் தெரியாது. அந்த அம்மாள் மூன்று விரலைக் காட்டினார். ஒன்று பார்சலோனா, ஒன்று சுவிட்சர்லாந்து, மூன்றாவது விரலை வானத்தை நோக்கிக் காட்டிவிட்டு மடக்கினார். அம்மா இரண்டு விரலைக் காட்டினார். ஒன்று ஆஸ்திரேலியா, இன்னொன்று இதோ என்று என்னைச் சுட்டினார். பிறகு அந்த அம்மாள் அம்மாவின் நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்து, “சோலா?” என்று கேட்டார். தனியாகவா? இந்தச் சொல் அம்மாவுக்கு எப்படிப் புரிந்ததோ. “சோலா” என்று தலையாட்டினார். அந்த அம்மாள் தன் நெஞ்சைத் தொட்டு, “சோலா” என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இருந்த அந்த நேரத்துக்குள் இருபது முப்பது பேர் அந்த வாசலைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவரும் ஒரு வணக்கம் வைத்தார்கள். அந்த அம்மாளும் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்.

சாரியா வந்ததும் வழியே மாறிவிடுகிறது. சான்றிதழ் பெறக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால் பெரும் கூட்டம் அங்கிருந்துதான் தொடங்கும். பள்ளி மாணவர்கள், பாட்டு, ஒலிபெருக்கி. தொலைவிலிருந்து நடந்து வந்தவர்கள் இவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதை நிறையப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. விடுப்பு ஐந்து நாள்தான் என்றால் ஐந்து நாள் நடக்கட்டுமே. நம்மூர் இளையர்களுக்கும் ஒரு வார விடுப்பில் இது முடியும்.

சாரியாவிலிருந்து ஒரு நாள் நடை போர்த்தொமரீன். மீஞோ ஆற்றின் மேல் உயரமான பாலம், அதைத் தாண்டிச் செங்குத்தான படிகள், மேலே வெள்ளையடித்த ஊர். பார்த்தால் பழைய ஊர் மாதிரித் தெரியும். உண்மையில் அது 1960களில் கட்டியது. கீழே ஆற்றங்கரையில் இருந்த பழைய போர்த்தொமரீன், பெலெசார் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. அதன் கோட்டை போன்ற தேவாலயத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, மேலே கொண்டுவந்து மறுபடி அடுக்கினார்கள். உற்றுப் பார்த்தால் சில கற்களில் அந்த எண்கள் இன்னும் தெரியும். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தார். பிறகு பாலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றார்.

மழை பெய்யாத பருவம். நீர்மட்டம் இறங்கி, பழைய ஊரின் சுவர் அடிகள் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தன. எது சமையலறை, எது வாசல் என்று அம்மா கையால் காட்டிக் காட்டிப் பார்த்தார்.

“கோயிலுக்கு மட்டும்தான் நம்பர் போட்டிருக்காங்க” என்றார்.

“வீடுங்களுக்குப் பதிலா மேல புது வீடு கொடுத்தாங்கம்மா.”

“நல்ல வீடாத்தான் இருக்கும். காலையில வெளிச்சம் வர்ற மாதிரி.”

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவே தொடர்ந்தார். “பாப்பா, நீ எதுக்கு என்னோட வந்தேன்னு எனக்கு லெயோன்லயே தெரியும். உன் பதினோராவது மாடியில எனக்கு யாரைத் தெரியும்? தைப்பிங்ல காலையில ஏழு மணிக்கு ரொட்டிக்காரர் மோட்டார்ல வந்து ஹார்ன் அடிப்பார். நான் வரலைன்னா இன்னொரு தடவை அடிப்பார். அப்பவும் வரலைன்னா கேட்கிட்ட வந்து எட்டிப் பார்ப்பார். சாயங்காலம் டியூஷனுக்கு ஆறு பிள்ளைங்க வருது. பக்கத்து வீட்டு ஆ மோய் கீரை கொண்டுவந்து தர்றா.”

“ராத்திரி குளியலறையில வழுக்கி விழுந்தா? நான் வந்து சேர மூணு மணி நேரம் ஆகும்மா. ரொட்டிக்காரர் காலையிலதான் வருவார்.” என் குரல் உயர்ந்துவிட்டது. பாலத்தில் போன இரண்டு இத்தாலியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கோபப்படவில்லை. “விழாம இருக்க என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன். வீட்டை விடுன்னு சொல்லாதே.”

அன்றிரவு இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டில் ஜெர்மானியரின் குறட்டையும் ஒரு காரணம்.

மீதி நாட்கள் ஓடிவிட்டன. மெலீதேயில் ஊரே ஆக்டோபஸ் வேகவைத்துக்கொண்டிருந்தது; நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தொர்தியா தேடினோம். ஆர்சூவாவில் பாலாடைக்கட்டியும் தேனும் நன்றாக இருந்தன. பிறகு யூகலிப்டஸ் காடுகள், மழை. பதினெட்டாம் நாள் மதியம் சந்தியாகோ பேராலயச் சதுக்கத்தில் ஈரக் கற்களின் மேல் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். சுற்றிலும் எல்லாரும் அப்படித்தான் கிடந்தார்கள்.

யாத்திரிகர் அலுவலகத்தில் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கினோம். அது லத்தீனில் இருக்கும், பெயரையும் லத்தீன் வடிவத்தில் எழுதுவார்கள். அம்மாவின் பெயருக்கு லத்தீன் கிடைக்காமல் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். நடந்ததன் நோக்கம் என்ன என்ற இடத்தில் அம்மா ‘ஆன்மீகம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள தூபக்கலத்தை எட்டுப் பேர் கயிறு இழுத்து ஊஞ்சல்போல ஆட்டுவது அங்கே பிரபலம். ஆனால் விசேஷ நாட்களில்தான் ஆட்டுவார்கள். நாங்கள் போன நாளில் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வேறொன்று கிடைத்தது. பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய படிக்கட்டு. ஏறினால் சந்தியாகப்பர் சிலையின் முதுகுப்பக்கம் வரும். வந்தவர்கள் பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடிக்கலாம். கருவறைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தே பழகிய நமக்கு இது பெரிய அதிசயம். அம்மா தயங்கினார். பின்னால் நின்ற ஒரு பாட்டி, போ போ என்று லேசாகத் தள்ளினார். அம்மா இரண்டு கையாலும் அணைத்து, கன்னத்தை அந்த உலோகத் தோளில் வைத்து எதையோ சொன்னார். இறங்கி வந்ததும் என்ன கேட்டீங்க என்றேன். “ஒண்ணும் கேட்கலை. தைப்பிங்ல இருந்து வந்திருக்கேன்னு சொன்னேன்.”

ஊருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. தைப்பிங் வீட்டுக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று. தரைக்கு வழுக்காத ஓடு. இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு. ஆ மோயிடம் ஒரு சாவி இருக்கிறது. ஒன்றுவிட்ட சனிக்கிழமை நான் ரயிலேறிப் போகிறேன். என் வீட்டுக் கட்டில், அண்ணன் தீபாவளிக்கு வந்தால் படுத்துக்கொள்ள இருக்கட்டும். வாசல் கூழாங்கல் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது. எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நடு இரவில் தொலைபேசி அடித்தால் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சென்ற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றிருந்தேன். ரொட்டிக்காரரிடம் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் ரொட்டிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே நான்கைந்து எண்கள் இருந்தன.